தும்மாத ஊர்

குடிநீரில் ஒவ்வாமை மருந்து கலக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. ஊரில் இப்போது யாரும் தும்முவதில்லை. மக்களின் ரத்தத்திலிருந்து எடுத்த நோய் எதிர்ப்பு அணுக்கள் மேல் மகரந்தத் தூளைத் தூவிப் பார்ப்பதுதான் ஆய்வகத்தில் ஜெசிந்தாவின் வேலை. அவை அசையாமல் கிடந்தால், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று எழுதுவாள்.

அன்று ஒரு தட்டில் தூளோடு சீழ்க்கிருமியும் எப்படியோ கலந்துவிட்டது. அணுக்கள் பாய்ந்து விழுங்கிவிடும் என்று நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். கிருமி பெருகிக்கொண்டே போனது. அணுக்கள் பக்கத்திலேயே சும்மா கிடந்தன. வேறு ஆறு பேரின் ரத்தத்தில் வேண்டுமென்றே கிருமியை விட்டுப் பார்த்தாள். அத்தனையிலும் அதே கதைதான்.

உடனே வீட்டுக்குப் போன் செய்தாள். கணவன் சகாயம் எடுத்தான்.

"என்னங்க, நேத்து பாப்பா கால்ல ஆணி குத்துச்சே, வீங்கியிருக்கா?"

"இல்லவே இல்ல. சிவக்கக்கூட இல்ல."

"காய்ச்சல்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. உடம்பு ஜில்லுன்னு இருக்கு. காலையிலேர்ந்து அசந்து தூங்குறா, எழுப்பினாலும் எழுந்திரிக்க மாட்டேங்குறா."

"ஐயோ, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்க!" என்று அலறினாள் ஜெசிந்தா.

"எதுக்கு?" என்று சிரித்தான் சகாயம். "புண்ணு எவ்வளவு சுத்தமா இருக்கு தெரியுமா?"