பன்னிரண்டாவது ஓட்டை

ராமநகரப் பாறையில் கயிற்றில் தொங்கியபடி, ஓஸ்வால்ட் சுத்தியலால் டிரில் கம்பியைத் தட்டித் தட்டி ஓட்டை போட்டார். மலையேறுகிறவர்கள் கயிறு மாட்ட அதில் ஒரு போல்ட்டையும் முறுக்கினார். அவர் தொங்கிய கயிற்றைக் கீழே பிடித்திருந்தவள் மகா.

"மிஷினே இல்லாம, கையாலேயே பன்னிரண்டு ஓட்டை!"

"பாறை கெட்டுப்போயிடாதா அங்கிள்?"

"சின்ன ஓட்டையால என்னம்மா கெட்டுப்போகும்? சரி, இறக்கு. கை விட்டுப்போச்சு."

"இறக்கறேன். உங்க மாடியில குடிவந்து மூணு வருஷம் ஆச்சு. காலண்டர் மாட்ட ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?"

ஹவுஸ் ஓனர் பதறிப்போனார்.

"ஐயையோ, சுவர் பாழாயிடும்மா!"

மகா கயிற்றை முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டு, நிதானமாக டிபன் பாக்ஸைத் திறந்தாள்.