சிவப்பாக நிற்கும் ஒரு வரி

பெருநாள் கப்பல் டிக்கெட் விற்பனை நண்பகலில் திறக்க இன்னும் ஆறு நிமிடம். சுரபாயா அலுவலகத்தில் ரெத்னோ சர்வர்களைக் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கிறாள். நோன்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. துறைமுகத்திலிருந்து ஒரு கப்பல் ஊத, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. திரையில் பயணிகளை வரவேற்கும் வெப் சர்வர்கள் மூன்று, உள்ளே டிக்கெட் போடும் சர்வர்கள் இரண்டு. ஐந்தின் அமைப்புக் கோப்புகளிலும், பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் ஒன்றாக இருக்கவேண்டும். நான்கில் முப்பது நொடி. ஐந்தாவதில் மட்டும் தொண்ணூறு என்று ஒரு வரி சிவப்பாக நிற்கிறது. யாரோ கையால் மாற்றியிருக்கிறார்கள். ஐந்தையும் முப்பதாக்கும் கட்டளை எண்டருக்காகத் திரையில் காத்திருக்கிறது.

"எண்டரைத் தட்டுங்கக்கா, அஞ்சும் ஒண்ணாயிடும்" என்கிறான் பக்கத்து நாற்காலித் தெகு.

"போன பெருநாளுக்கு நாலும் படுத்தப்ப நின்னது இது ஒண்ணுதான்டா."

"அப்ப இதையே எல்லாத்துலயும் போட்டுடுங்க."

"ஏன் நின்னுச்சுன்னே தெரியாமலா?"

விரல் எண்டருக்கு மேல் போவதும் வருவதுமாக இருக்கிறது. சிவப்பு வரிக்கு மேலே, இதுவரை கண்ணில் படாத ஒரு குறிப்பு: 'தொடாதீர்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.' தெகு எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். "எந்தப் புண்ணியவான் வேலைக்கா இது?"

குறிப்பின் கீழே இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதி. அதை ஒட்டி இருக்கும் தன் பெயரை ரெத்னோ உள்ளங்கையால் மறைத்துக்கொள்கிறாள். இன்னும் மூன்று நிமிடம்.