சியூ-லானின் பிரஷ்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. குவோ-ஷூன் பால்கனியில் செய்தித்தாளை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். மனைவி சியூ-லான் இறந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டபோதும் அவர் இங்கேதான் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "முடிச்சிட்டு வர்றேன்" என்று சொன்னார். மகள் பெய்-ஷானுக்கும் அது கேட்டது.

பல்சக்கரத்தில் கறுப்பு மசகு இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ்ஷைத் தோய்த்துத் தேய்த்தார்.

பெய்-ஷான் தினமும் காலையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் தண்ணீர்க் கிண்ணமும் துண்டும் பற்பசை தடவிய பிரஷ்ஷும் வைப்பாள். இறந்தவர்களும் காலையில் முகம் கழுவ வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அன்று கிண்ணத்தையும் துண்டையும் வைத்துவிட்டுத் தேடினாள்.

"அம்மா பிரஷ் எங்கப்பா?"

"இதுவா? நார் போயிடுச்சும்மா. செயின் தேய்க்கத்தான் ஆகும்."

"அவங்க எதுல பல்லு தேய்ப்பாங்க?"

"செத்தவளுக்கு என்ன அவசரம்? கடையில புதுசு வாங்கிட்டு வா."

அவள் போனாள். அவர் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மிதியைக் கையால் சுற்றினார். சத்தமே இல்லை.

பெய்-ஷான் புது பிரஷ்ஷோடு திரும்பினாள். கிண்ணத்துத் தண்ணீரில் கறுப்பு நுரை மிதந்தது. மண்ணெண்ணெய் வாடை அடித்தது. துண்டு நனைந்திருந்தது, அதன் ஓரத்தில் உதடு துடைத்த அளவுக்குக் கறுப்பு. பழைய பிரஷ் பால்கனியில் அவர் கையில்தான் இருந்தது.

அவள் புது பிரஷ்ஷின் உறையைப் பிரிக்கவில்லை.

"அம்மா முகம் கழுவிட்டாங்கப்பா. நீங்க இன்னும் முடிக்கலையா?"