சோதனை வகுப்பு

பயன்படுத்துகிறவர் எங்கே திணறுகிறார் என்று கவனித்துக் கருவிகளை எளிதாக வடிவமைப்பதுதான் யூசர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன். அதைப் பற்றிப் புது விரிவுரையாளர் மாணவர்களுக்கு முதல் பாடம் நடத்த வேண்டும். அது சரியாக அமைந்தால்தான் வேலை நிச்சயம். கடைசி பெஞ்சில் துறைத் தலைவி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவருக்கோ பதற்றத்தில் நேற்றுச் செய்த ஏற்பாடெல்லாம் மறந்துபோயிருந்தது; புரொஜெக்டரே மசியவில்லை. ரிமோட்டை அழுத்தினார், ஏசி நின்றது. சுவிட்சைத் தட்டினார், திரை சுருண்டு மேலே போனது.

"தம்பி, இதை எப்படிப்பா ஆன் பண்றது?"

முன்வரிசைத் தம்பி நோட்டைத் திறந்தான். அவரைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதினான்.

"நீயாவது சொல்லும்மா."

அவளும் எழுதினாள். வகுப்பே கல்லுளிமங்கனாக உட்கார்ந்து எழுதியது. பேச ஆரம்பிக்கும் முன்பே இத்தனை குறையா என்று அவருக்கு வியர்த்துக் கொட்டியது. வேலை கைநழுவிய மாதிரிதான். லேப்டாப்பை மூடினார்.

அந்தப் பெண் எழுந்தாள். "ரொம்ப நன்றி அங்கிள். தப்பா எடுத்துக்காதீங்க. 'நாளைக்கு ஒருத்தர் வந்து மெஷினோட மல்லாடுவாரு, உதவி பண்ணாம பார்த்து மட்டும் எழுதுங்க'ன்னு எங்க புது சார் நேத்தே மெசேஜ் போட்டுட்டாரு. நீங்க கிளம்பலாம். அவரு இப்ப வந்துடுவாரு."

கடைசி பெஞ்சிலிருந்து துறைத் தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "வந்துட்டாரும்மா. இனிமே தினமும் வருவாரு."