நிலுவையே இல்லாத பிரிவு

ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி கதவைத் தட்டியபோது அறைக்குள் அவர் நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

அலுவலக நேரம். மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லை. அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு நகம் வெட்டுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். அவளுக்கும் வந்தது.

"ஊழியர் செயல்திறன் ஆய்வு சார். உங்க பிரிவுல எத்தனை ஃபைல் நிலுவைல இருக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"புகார்?"

"அதுவும் இல்ல."

"உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"எனக்குக் கீழயும் நானேதான்."

அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

இருந்த ஒரே நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார். ஓடாத மின்விசிறிகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. அவருக்காக அவற்றைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

"மூணு வருஷத்துக்கு முன்னால, கட்டாத பாலத்தைக் கட்டி முடிச்சாச்சுன்னு கையெழுத்துப் போடச் சொன்னார் செயலாளர். முடியாதுன்னேன். சிறப்புப் பணின்னு பேர் வெச்சு இங்க தள்ளிட்டாங்க. அன்னையிலேர்ந்து ஒரு ஃபைல் வரல. கேன்டீன்ல போய் உட்கார்ந்தா பக்கத்துல இருக்கறவன் டம்ளரைத் தூக்கிட்டு எழுந்து போயிடறான். பாவம், அவனும் புள்ளகுட்டிக்காரன். சில நாள் டெலிபோன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு என் லைன் வேலை செய்யுதான்னு கேப்பேன். நல்லாத்தான் இருக்கு சார்னு சொல்லுவா. அன்னைக்கு நான் பேசின பேச்சு அதோட சரி."

கையோடு கொண்டுவந்த மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றுபோயிருந்தது.

"பதவி உயர்வெல்லாம் வேண்டாம்மா. ரிட்டயர் ஆகறதுக்குள்ள உருப்படியா ஒரு ஃபைல் பார்க்கணும். அதை மட்டும் எழுதுங்க."

"கண்டிப்பா எழுதறேன் சார்."

அன்று வீட்டுக்குப் போகும்போது அவருக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. ஆனாலும் மனைவி, "இன்னைக்கும் வேலை ஜாஸ்தியா?" என்று கேட்டதும், "ஆமா, மண்டை வெடிக்குது" என்று வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? வேலை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. நிலுவை இல்லை, புகார் இல்லை, தாமதம் இல்லை. அமைச்சகத்திலேயே சிறந்த பிரிவு அவருடையதுதானாம். பாராட்டு விழாவுக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

அரங்க வாசலில் பெண் அதிகாரி அவரைத் தனியே கூப்பிட்டாள். "நீங்க சொன்னதெல்லாம் எழுதினேன் சார். அதை யாரும் படிக்கல. மார்க்கை மட்டும் கூட்டிட்டாங்க." அவள் முகத்தைப் பார்க்க அவருக்கே பாவமாக இருந்தது.

மேடையில் கேடயத்தை நீட்டியது அதே செயலாளர். இவர் கையை நீட்டவில்லை. மைக்கைப் பிடித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"எனக்குக் கேடயம் வேண்டாம் சார். வேலை குடுங்க."

அரங்கமே கைதட்டியது. கேன்டீனில் டம்ளரோடு ஓடுகிறவன் எழுந்து நின்று தட்டினான்.

"பார்த்தீங்களா, இதுதான் உழைப்பு" என்றார் செயலாளர். "இப்படிப்பட்டவரை இடம் மாத்தவே கூடாது. ரிட்டயர் ஆகற வரைக்கும் இவருக்கு இதே பிரிவுதான்."

கேடயத்தை அவர் கையில் திணித்துப் போட்டோ எடுத்தார்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் தன்னைப்போல் நாதியற்றவன் யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேடயத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். இவளிடமாவது எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று அவர் வாயெடுத்தார். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இத்தனை உழைச்சும் பத்தலைன்னு, இன்னும் வேலை குடுங்கன்னு மேடையேறிக் கேக்கறீங்க. மூணு வருஷமா இந்த வீட்ல ஒருத்தி பேச ஆளில்லாம உட்கார்ந்திருக்காளே, அது உங்க கண்ணுக்குத் தெரியவே இல்லையா?"