ராசு, எம்.ஏ., பி.எல்.

வாடிப்பட்டி ஃப்ளெக்ஸ் கடைக்கு ஜோ வந்து சேர்ந்தபோது வெயிலில் மண்டை காய்ந்துபோயிருந்தது. வேட்பாளர் ராசு என்னதான் படித்திருக்கிறார் என்று காலையிலிருந்து அலைகிறான். போன தேர்தல் பிரமாணப் பத்திரத்தில் பத்தாம் வகுப்பு, இணையத்தில் பி.ஏ.; ஊரெல்லாம் நிற்கும் ஃப்ளெக்ஸில் எம்.ஏ., பி.எல். அவருக்குப் பாடம் எடுத்த பிலோமினாள் டீச்சரோ, “ஒன்பதாப்பு. அதுவும் ரெண்டு வருசம்” என்று சிரித்தார்.

“ஃப்ளெக்ஸ்ல இந்தப் படிப்பெல்லாம் யாருண்ணே போடச் சொன்னது?”

கடைக்காரர் விஜய்ஆனந்த் தயங்கினார். “எந்தப் பத்திரிகை தம்பி நீங்க?”

“சும்மா சொல்லுங்கண்ணே. உங்க பேரு வெளிய வராது.”

“ராசுங்கிறது ரெண்டே எழுத்து. பன்னெண்டடி ஃப்ளெக்ஸ்ல பக்கத்துல வெறிச்சுனு கெடந்துச்சு. அழகுக்கு பி.ஏ.ன்னு போட்டேன். அடுத்த வருசம் பதினஞ்சடி கேட்டாங்க, எம்.ஏ. ஆக்குனேன்.”

“பி.எல்.?”

“மாநாட்டுக்கு இருபதடி கேட்டாங்கள்ல.”

“அவரு பாத்துட்டு ஒண்ணும் சொல்லலையா?”

“சொன்னாரே. எழுத்து இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கலாம்னாரு.”

ஜோ வெளியே வந்து போனைப் போட்டான். நாளைக்கு வேட்புமனு. அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல், இவனை விசாரிக்க அனுப்பிவிட்டுக் காத்திருந்த ராசு முதல் மணியிலேயே எடுத்தார்.

“அண்ணே, எல்லாப் பக்கமும் விசாரிச்சிட்டேன். நீங்க ஒன்பதாவதுதான் படிச்சிருக்கீங்க.”



“நல்லா கேட்டியா மாப்ள?” என்றார் ராசு. “அந்த பி.எல்.லுமா இல்ல?”