இஞ்சின் டிரைவரின் கண்

"ரஹீமுக்கு இந்த வீட்டுல இனிமே பச்சைத் தண்ணி கிடையாது! சொல்லிட்டேன்!"

உலகநாதன் போட்ட சத்தத்தில் லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸே திரும்பிப் பார்த்தது.

மனுஷனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அரக்கோணத்திலிருந்து நிஜாம் ராஜ்யத்துக்கு வந்து, இருபது வருஷமாகக் கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர். இன்று காலை கண் பரிசோதனைக்குப் போனவரிடம், "புரை விழுந்திருக்கு. அடுத்த வாரம் ஆபரேஷன். இனிமே இஞ்சின்ல ஏறக் கூடாது" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

"வருஷா வருஷம் அதே எழுத்து அட்டையைத்தான் மாட்டுவாங்க. நானும் மனப்பாடமா ஒப்பிச்சுட்டு வந்துடுவேன். இன்னிக்குப் போனா, புது அட்டையை மாட்டிட்டு 'படிங்க'ன்னு சிரிக்கிறார்! கூட இருக்கிறவன் போய்ச் சொல்லாம அவருக்கு எப்படித் தெரியும்?"

"ரஹீமைத் தவிர வேற யாரு?" என்று எடுத்துக் கொடுத்தாள் பக்கத்து வீட்டு கனகம். "இஞ்சின்ல கூடவே நின்னு கரி அள்ளிப் போடற ஃபயர்மேன். சிக்னல் விழுந்துதா இல்லையான்னு அவன்தானே உங்களுக்குச் சொல்லுவான்? டிரைவர் வேலைக்கு ஆசை வந்துடுச்சு, அண்ணே!"

உலகநாதனின் மனைவி தாயம்மாள் அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

சாயங்காலம் அப்துல் ரஹீமே வந்து நின்றான். துண்டில் சீத்தாப்பழம் கட்டிக்கொண்டு வந்திருந்தான். வேடிக்கை பார்க்கக் கனகமும் வந்துவிட்டாள்.

"உஸ்தாத், இப்பத்தான் கேள்விப்பட்டேன்..."

"நடிக்காதே! டாக்டர்கிட்ட சொன்னது நீதானே?"

ரஹீம் உள்ளே பார்த்தான். கதவோரம் தாயம்மாள் முகம் வெளுத்து நின்றாள்.

"ஹவ் உஸ்தாத். நான்தான்."

இப்படிக் கூசாமல் ஒப்புக்கொள்வான் என்று கனகமே எதிர்பார்க்கவில்லை.

"அடப்பாவி! என் டிபன் கேரியர்ல எத்தனை நாள் கை நனைச்சிருப்பே! போடா, என் முகத்துலயே முழிக்காதே!"

துண்டைப் பிடுங்கி வீசினார். பழமெல்லாம் தெருவில் உருண்டது. ரஹீம் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு நடந்தான்.

"துரோகி, தொலைஞ்சான்!" என்றாள் கனகம்.

தாயம்மாள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். தெருக்குழாயருகே அவனை மடக்கினாள்.

"ஏன் ரஹீம் பொய் சொன்னே? போன வாரம் ஆஸ்பத்திரி வாசல்ல என்னைப் பார்த்தியே. டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அக்கா."

"கொடியில காயற புடவைகிட்ட 'தாயம்மா, காப்பி கொடு'ன்னு கேக்கறார். இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு வண்டி ஓட்டினா என்ன ஆகும்? உன்னையும் சேர்த்துல்ல கொண்டுபோவார்? வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்பா. நேரா சொன்னா கேக்கற ஆளா அவர்? அதான் போய்ச் சொன்னேன்." அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். "இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன். நீ எதுக்கு இந்தப் பேச்சு வாங்கணும்?"

"நக்கோ அக்கா, வேணாம்!" ரஹீம் அவசரமாகக் குறுக்கே வந்தான். "ஆபரேஷன் பண்ணி, ரெண்டு கண்ணையும் கட்டிப் படுக்க வெச்சுடுவாங்க. நீங்கதான் சோறு ஊட்டணும். உங்க மேல கோபம்னா வாயைத் திறக்க மாட்டார், பட்டினி கிடப்பார். என் மேலன்னா, என்னைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டுடுவார்!"